ஆணி அடிக்கும் சத்தம்

கடலில் எங்கோ, மார்ச் 1944

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகிறோம். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்பது என் வேலை. செவ்வாயன்று ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் மேல் குண்டு போட்டோம். பிறகு கீழேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. உள்ளே யாரோ எதையோ அடித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கடையில் அப்பா ஷூவுக்கு ஆணி அடிப்பது போலவே இருந்தது.

"இன்னும் கேக்குதா?" என்றார் கேப்டன்.

"கேக்குது சார்."

மறுபடி போட்டோம்.

"இப்ப?"

"இல்ல சார்."

அன்றிரவு சமையல்காரர் வெண்டெல் கேக் செய்தார். "முதல் துண்டு உன் காதுக்குடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஜூனில் லீவில் வருவேன். நான் வீட்டில் இருக்கும்வரை சுத்தியலை எடுக்க வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லுங்கள். தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள்.

உங்கள் ஆர்வில்