பின்சக்கரத்துக் கல்

அன்புள்ள சுகுணா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? இங்கே சென்னை வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

முதலாளி வெளிநாட்டில் வாங்கிய பழைய கிராண்ட் பிரீ காரை நேற்று ஓட்டிப் பார்த்தோம். பல பந்தயங்களில் ஜெயித்த வண்டி. எடையைக் குறைக்க அதில் ஹேண்ட் பிரேக்கே வைக்கவில்லை. எஸ்டேட் லாரிக்குச் செய்கிற பழக்கத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். கார் சீறிக் கிளம்பியதும் அந்த அகலமான டயர் கல்லைப் பின்னால் விட்டெறிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே.

"ஏனுங்க சசி, கல்லு வெச்சது யாருங்க?" என்றார் முதலாளி.

"நான்தாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தேயிலை விலை ஏறி ஃபேக்டரியைத் திறந்தால் உடனே எழுது. பொங்கலுக்கு வருவேன். ஒரு கம்பளிக் குல்லா தளர்வாகப் பின்னி வை. இடது காது முழுக்க மறைய வேண்டும்; காதில் போட்ட தையல் அம்மா கண்ணில் படக்கூடாது.

அவசரமாக,
சசிதரன்