குசினிக்குள் காய்ந்த வெள்ளைச் சட்டை

அப்பா, நாளைக்குப் போட வேண்டிய பள்ளிக்கூடச் சட்டை மடித்தபடி என் பக்கத்தில் இருக்கிறது. வெயில் மணக்கிறது. நீங்கள் இருந்தவரை என் சட்டை ஒருநாளும் இப்படி மணந்ததில்லை. போன மாசியில் நீங்கள் கண்மூடிய பிறகுதான் அம்மா அதை முற்றத்துக் கொடியில் காயப்போடத் தொடங்கினார். இப்போது அவர் நித்திரை. நான் போர்வைக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கண்டால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார்.

ஜெயபுரத்தில் எல்லா வீட்டு முற்றத்திலும் உடுப்புக் காயும். எங்கள் வீட்டில் மட்டும் வெள்ளை எதுவும் வெளியே வராது. உங்கள் வேட்டி, கட்டில் விரிப்பு, என் சட்டை எல்லாம் குசினிக்குள், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான். "வெள்ளை மேல இருந்து நல்லாத் தெரியும் பிள்ளை. உள்ளுக்குப் போடு" என்பீர்கள். சண்டை முடிந்த பிறகு பிறந்த எனக்கு, மேலே இருந்து யார் பார்ப்பார்கள் என்று விளங்கவில்லை. அடுப்புப் புகை மணத்தோடு நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின் வாங்கிலிருந்து குரல் வரும்: "கருவாடு வந்திட்டுது, ஜன்னலைத் திறவுங்கோடி."

ஒருநாள் அழுதுகொண்டு வந்து உங்களிடம் கத்தினேன். "பிளேன் எல்லாம் எப்பவோ போயிட்டுது அப்பா."

நீங்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டீர்கள். "இனி வரமாட்டுது எண்டு ஆர் உனக்கு எழுதித் தந்தது?"

அன்று பின்னேரம்தான் உங்கள் தங்கச்சியைப் பற்றிச் சொன்னீர்கள். இடம்பெயர்ந்து வந்த வருடம், இருந்த ஒரே பள்ளிச் சட்டையைத் தோய்த்து வேலிக் கம்பியில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாளாம். நீங்கள் கிணற்றடியில். "புக்காரா பிளேன் ஒருக்காப் போச்சுது. பிறகு திரும்பிச்சுது." அதற்குமேல் சொல்லவில்லை. எனக்கு மாமியாக இருந்திருக்க வேண்டியவள், இன்றைக்கும் என்னைவிடச் சின்னவள்.

சட்டையைக் கண்டுதான் அது திரும்பியதா என்று யாருக்குத் தெரியும்? நீங்களாகவே அப்படி முடிவுகட்டினீர்கள். குண்டு போட்டவனை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையின் சட்டையைக் குற்றவாளி ஆக்கினீர்கள். ஆயுள் முழுக்க அதை ஒளித்து வைத்தீர்கள். உங்கள்மேலும் எனக்கு ஆத்திரம்தான் அப்பா.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உலக நாடுகள் கண்காட்சி. எங்கள் வகுப்புக்குத் தென்னமெரிக்கா. எனக்கு ஆர்ஜென்டினாவின் விமானப்படை. டீச்சர் தூர இடத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு படத்தைத் தந்து, "வடிவான சின்ன பிளேன், காட்போட்டில செய்யும்" என்றார். படத்துக்குக் கீழே பெயர் இருந்தது. புக்காரா. படத்தைக் கவிழ்த்துப் பைக்குள் வைத்தேன்.

நான் பாடமாக்க வேண்டியது இதுதான்: இது அந்த நாட்டிலேயே செய்த இலகு தாக்குதல் விமானம். இரண்டு இயந்திரம். தாழப் பறக்கும், கரடுமுரடான தரையிலும் இறங்கும். பெயருக்குக் கோட்டை என்று பொருள். பிறகு அது எங்கே விற்கப்பட்டது, யாருடைய வளவுக்கு மேலே தாழப் பறந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அம்மாவின் போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். அந்த நாட்டில் சேவை முடிந்த அதற்குப் பிரியாவிடை. பெரிய மனிதர்கள் அதன் மூக்கைத் தடவி அழுகிறார்கள், சனம் கைதட்டுகிறது. போனை எறிய வேண்டும் போல இருந்தது. உங்கள் தங்கச்சிக்கு அழ இங்கே எத்தனை பேர் மிச்சம்?

பார்க்க வருகிறவர்களில் ஆமி முகாமின் பெரியவரும் ஒருவர். அவர்களின் பண்ணையில்தான் அம்மாவுக்கு வேலை. "எழுதித் தந்ததை மட்டும் சொல்லிப்போட்டு வா. அப்பாவும் இல்லை. உன்ர வாயால என்ர வேலை போகக்கூடாது" என்றார் அம்மா. அவர் சொல்வது சரி. எனக்கும் பயம்தான்.

விமானத்தைச் செய்து முடித்துவிட்டேன். அதற்குக் கீழே இரண்டு ஈர்க்கு நட்டு, நூல் கட்டி, வெள்ளைத் தாளில் வெட்டிய ஒரு சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். விரல் நீளம்தான் இருக்கும். பாடமாக்கியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். அது என்ன என்று யாராவது கேட்டால், "உடுப்புக் காயப்போட்டிருக்கு" என்பேன். அதற்குமேலும் கேட்பவருக்கு அது என்னவென்று முன்னமே தெரிந்திருக்கும்.

இனி எழுந்துபோய் என் சட்டையைக் குசினிக் கயிற்றில் போடப்போகிறேன். விடிய அம்மா அடுப்பு மூட்டும்போது கண்டுவிடுவார், ஏசுவார். ஏசட்டும். நாளைக்கு நான் அந்த விமானத்துக்குப் பக்கத்தில் உங்கள் புகை மணத்தோடு நிற்பேன் அப்பா. கிட்ட வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கட்டும்.