வெளியே உட்காருகிறவன் பேர் முதலில்

அண்ணே,

போன ஞாயிறு லூமுட் குழு நம்ம திடலுக்கு விளையாட வந்தது. மழை விட்டு, புல் வாசம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. உங்களுக்குப் பிறகு அங்கே மேனேஜரான பையன், ஆட்டக்காரர்களைச் சுற்றி நிற்கவைத்துப் பேர் வாசித்தான். முதலில் மாற்று ஆட்டக்காரர்களின் பேர்.

நம்ம குழுவில் நீங்கள் அப்படி வாசிக்கத் தொடங்கியபோது நான்தான் கேலி செய்தேன், இதென்ன தலைகீழ் வழக்கம் என்று. நீங்கள் கோபப்படவில்லை. "வெளிய உக்கார்றவனுக்குத்தான் கேக்கக் கஷ்டம்லா தம்பி. அவனக் காக்க வைக்கக் கூடாது" என்றீர்கள்.

நாம் வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட, நாமெல்லாம் ஈப்போவில் ஆளுக்கொரு பிளாட்டில் சிதறிய பிறகும் தோட்டத்துப் பேரில் ஒரு காற்பந்துக் குழு ஓடியது மேனேஜராக இருந்த உங்களால்தான். குழு மேல் லீக்குக்கு ஏறிய வருசம் ஒப்பந்தம் கேட்டீர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வருசத்துக்கு எழுத்தில் வேண்டும், ஆட்டக்காரர்களை எடுப்பதில் கமிட்டி தலையிடக் கூடாது, அவ்வளவுதான் கேட்டீர்கள். என் மச்சான் மகனைச் சேர்க்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லியிருந்த நேரம் அது. தலைவர் நாற்காலியில் இருந்த எனக்குச் சுருக்கென்றது.

"நம்ம ஆளுக்குள்ள எதுக்குண்ணே கடுதாசி?" என்றேன்.

"அப்ப வெளி ஆளுக்குத்தான் மரியாதையா, தம்பி?"

நான் கோபப்பட்டேன். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியாக, நம் வழக்கமான சாப்பாட்டுக் கடையின் உள்ளறையில் கமிட்டி கூடியது. நீங்கள் வெளியே ஒரு கிளாஸ் தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களை விட்டுவிடுவது என்று முடிவானது. எழுந்து வந்து நான் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், இருந்த இடத்திலிருந்தே குழுவின் வாட்ஸ்அப்பில் 'அண்ணனின் சேவைக்கு நன்றி' என்று போட்டேன், கைகூப்பும் படத்தோடு.

ஒரு ஆட்டக்காரன் போன் போட்டு விசாரித்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது. தே ஓவைக் குடித்து முடித்தீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

லூமுட் குழு உங்களை மேனேஜராக எடுத்துக்கொண்டது. நாங்கள் ஒரு வெளி ஆளைக் கொண்டுவந்தோம். அவர் முதல் நாளே கடுதாசி கேட்டார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். வெட்கங்கெட்டவன்.

நீங்கள் தவறிய துக்கத்துக்கு லூமுட் வந்து வாசலிலேயே நின்றேன். அண்ணிதான் நாற்காலி போடச் சொன்னார். "ஒங்க ஆட்டம் எல்லாத்தையும் போன்ல பாத்துக்கிட்டேதான் இருந்தாரு" என்றார். உட்கார முடியவில்லை, அண்ணே.

அதற்குப் பிறகு, நம்ம குழுவின் பேர்களை நானே வாசிக்கிறேன். வெளியே உட்காருகிறவன் பேரைத்தான் முதலில் சொல்கிறேன். இப்போது இருப்பவர்கள் எல்லாம் புதுப் பையன்கள், உங்களைப் பார்த்ததில்லை. ஞாயிறன்று லூமுட்காரன் வாசித்ததைக் கேட்டு ஒருவன் சிரித்தான்.

"பாத்தீங்களா, நம்ம தலைவரோட பழக்கத்தக் காப்பி அடிக்கிறானுங்க."

எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். உங்கள் பேரைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அண்ணே.