வால் சாய்ந்த ரன்ச்சூ

அக்டோபர் 14, செவ்வாய். வெயில்.
தொட்டித் தண்ணீர் மாற்றினேன். மூன்றில் ஒரு பங்கு பழைய பச்சைத் தண்ணீர், மீதி புதியது. முப்பத்தோரு வருஷமாக இதே அளவுதான். புத்தகம் பார்த்துக் கற்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போய் வந்த ரன்ச்சூ தங்கமீனின் வால் ஓரத்தில் வெள்ளை நூல் போல ஏதோ தெரிகிறது. என்னிடம் இருக்கும் ஒரே பெண் மீன். அவள் உடன்பிறந்த நான்கும் ஆண்கள். வசந்தத்தில் இவள் முட்டையிடாவிட்டால் நான் வளர்த்த மீன் வம்சம் இத்தோடு சரி.

இவளுக்குத்தான் இரண்டாம் இடம் கொடுத்தார்கள். நடுவர் குசகாபே, இதே தெருக்காரன். "வால் இடப்பக்கம் சாயுது"ன்னு எல்லார் முன்னாலும் சொன்னான். சாய்கிறதாம்! அவன் மீன் நீந்திய பேசினில்தான் இவளையும் விட்டார்கள். நோய் அங்கிருந்துதான் வந்தது. வேறு வழியே இல்லை.

அக்டோபர் 15. மேகமூட்டம்.
போட்டியிலிருந்து வந்ததும் இவளைத் தனி எனாமல் பேசினில் வைத்தது நல்லதாயிற்று. இன்று உப்பு போட்டேன். பத்து லிட்டருக்கு ஐம்பது கிராம். சமையலறைத் தராசை எடுத்ததற்கு என் மனைவி சுமியே கத்தினாள். "அதுல நான் மாவு நிறுக்கணும்ங்க. மீன் வாடையோட பலகாரம் தின்னுவீங்களா?"

தின்பேன் என்றேன்.

அக்டோபர் 17. மழை.
பேசின் தண்ணீரை மாற்றினேன். வழக்கம்போல, ஆண்கள் நான்கும் இருக்கும் இரண்டாம் தொட்டியிலிருந்து பழைய தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு. இவள் பிறந்த தண்ணீர், தெம்பு தரும். உப்பும் குறையாமல் சேர்த்தேன். இரை நிறுத்தியாயிற்று. வாலில் ஒரு பிளவு.

அக்டோபர் 19. மழை.
குசகாபே வந்தான். குடையோடு வாசலில் நின்றான். கையில் மஞ்சள் மருந்துப் பொட்டலம். சுமியே சொல்லியிருக்க வேண்டும்.

"யோவ், ரெண்டாம் இடம் குடுத்தேன்னு மூஞ்சியத் திருப்பிக்கோ, வேணாங்கல. மீன் என்னய்யா பண்ணிச்சு?"

"உன் மீன்கிட்ட ஒட்டுன நோவு. அதுக்கு உன் மருந்து வேறயா?"

"என் மீனெல்லாம் நல்லாத்தானே இருக்கு." பேசினை எட்டிப் பார்த்தான். "தண்ணி ஏன் பச்சையா இருக்கு? சீக்காளிக்குப் போய்ப் பழைய தண்ணியா ஊத்துற?"

"எனக்கு ஊத்தத் தெரியும். நீ போ."

போனான். பொட்டலத்தைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தொடவில்லை.

அக்டோபர் 20. வெயில்.
தண்ணீர் மாற்றினேன். பழையது மூன்றில் ஒரு பங்கு. அவன் சொன்னதற்காகக் குறைக்கவில்லை.

அக்டோபர் 22.
பாதி வால்தான் இருக்கிறது.

அக்டோபர் 24. காற்று.
இரண்டாம் தொட்டியில் ஓர் ஆண் மீன். வால் ஓரத்தில் அதே வெள்ளை நூல்.

இது போட்டிக்குப் போகவில்லையே. பேசினுக்கும் தொட்டிக்கும் வலைகூட வேறு வேறு. பிறகு எப்படி—

குசகாபே குடையிலிருந்து சொட்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்த எனக்கே வெட்கமாக இருந்தது.

சுமியேவிடம் சொன்னேன். "அப்போ நோவு நம்ம தொட்டியிலயேதான் இருந்திருக்கு. பாவம், அந்த மனுசனப் போய்..." என்றாள். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மூன்று நாளைக்கொரு தடவை. கரண்டி கரண்டியாக. அந்தத் தொட்டித் தண்ணீரை நானேதான் மொண்டு ஊற்றியிருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு. பனிமூட்டம்.
காலையில் பக்கவாட்டில் மிதந்தாள்.

செய்தித்தாளில் கிடத்திப் பார்த்தேன். வாலின் அடி மட்டும் மிச்சம். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

வெங்காயத்தாள் பாத்தி ஓரத்தில் புதைத்தேன். சுமியே பூ கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 1. வெயில்.
மூன்று தொட்டிகளையும் கவிழ்த்தேன். அத்தனை வருஷத்துப் பச்சையும் சாக்கடையில் போக அரை மணிகூட ஆகவில்லை. தேய்த்துக் கழுவினேன். எல்லாமே புதுத் தண்ணீர். பழையது ஒரு கரண்டிகூட இல்லை. செருப்பு அலமாரி மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். எழுத்து பொடி. சுமியே அளவைப் படித்துச் சொன்னாள்.

தொட்டியின் அடி தெரிகிறது. நான்கும் ஒரு மூலையில் ஒண்டி நிற்கின்றன.

நவம்பர் 4, செவ்வாய். குளிர்.
நோய்ப்பட்டவன் இரை தொட்டான். நான்கு ஆண்கள். வசந்தத்தில் ஒன்றும் இல்லை.

குசகாபே வீட்டுக்கு நான் போகப் போவதில்லை. இந்த வாரம் தெருக் குப்பைக் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் முறை அவனுடையது. ஒவ்வொரு பையையும் திருப்பிப் பார்ப்பான். நம் குப்பைப் பை கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்டும்.

அவன் தந்த மருந்தின் காலிப் பொட்டலத்தை எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் அவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக் கட்டினேன்.