உங்களுக்கு நான் வைத்த பட்டம்

என் கணவருக்கு அலுவலகத்தில் பேட்டர்னிட்டி லீவ் கொடுத்துவிட்டார்கள். இன்று காலை அந்தச் செய்தியை அவர் உரக்கப் படித்தபோது, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

என்னைப் பெற்ற அப்பா இறந்து பல வருடம் கழித்து அம்மா உங்களை மணந்தார். ஆவடி தொழிற்சாலையில் அம்மாவோடு வேலை பார்த்தவர் நீங்கள். நான் அப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். உங்களை எப்படி அழைப்பதென்று தெரியாமல், அழைக்காமலே காலம் தள்ளினேன். சாப்பாடு தயாரானால் தட்டைத் தட்டுவேன். நீங்களும் வந்துவிடுவீர்கள்.

ஒருநாள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டை ஜெபித்து மந்திரிக்க, சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்திருந்தார்.

"ஃபாதர், சாப்பிட வாங்க" என்றேன்.

"தோ வந்துட்டேம்மா!" என்று உள்ளறையிலிருந்து ஓடிவந்தீர்கள். சாமியாரைக் கண்டதும், "ஓ, அவரையா?" என்று தலையைச் சொறிந்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களை அழைக்க ஒரு சொல்லைத் தேடியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பேட்டர்னிட்டி, லத்தீனில் அப்பாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தந்தையாக இருப்பதற்கு அந்தப் பெயர். ஒரு நூலை எழுதியவருக்கு அதன் மீதுள்ள உறவுக்கும் அதே பெயர். பிள்ளையே பெறாத துறவிகளைக்கூட ஒரு காலத்தில் மரியாதையாக 'யுவர் பேட்டர்னிட்டி' என்று விளித்திருக்கிறார்கள்.

மாலையில் உங்கள் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

"யுவர் பேட்டர்னிட்டி, டீ போடட்டுமா?"

"இன்னாமா அது? வாயிலயே நொழைய மாட்டேங்குது."

பொருளைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தீர்கள்.

"அப்போ, பெக்காதவனுக்கும் உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி. சக்கர தூக்கலா போடு."

டீ ஆறும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதன்பிறகு குவார்ட்டர்ஸ் முழுக்க அதுவே உங்கள் பெயரானது. "பேட்டர்னிட்டி அண்ணாத்தே ஊட்ல கீறாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது.

கடைசியில், மருத்துவமனையில் உங்கள் கையைப் பிடித்தபோது, "அப்பா" என்றேன். தானாக வந்தது.

"இன்னாமா, பட்டத்த புடுங்கிட்டியா?"

"இல்லப்பா. இதையும் சேத்துக்குங்க."

"அப்போ ரெண்டையும் நானே வெச்சிக்கிறேன்."

என் மகளுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. இருந்தாலும் தினமும் அவளை ஏந்திக்கொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "தாத்தா பாரு, தாத்தா" என்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள் அப்பா, இது மூன்றாவது.