உன் சிவப்புக் காரின் வேகம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறோம் என்றுதான் எழுதுவாய், அதை நம்புவதா வேண்டாமா என்பதுதான் இப்போது எனக்கு வந்திருக்கும் சங்கடம். அப்பா ஏன் இப்படி ஆரம்பிக்கிறார் என்று பாதியில் மடித்து வைக்காதே, முழுதும் படி.

போன வாரம் நான் பஸ் ஓட்டின பழைய டிப்போவுக்குப் போயிருந்தேன். டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறையில் மெக்கானிக் ஒரு பழைய டிவியை வைத்து, யாரோ தூக்கிப்போட்ட வீடியோ கேம் பெட்டியைச் சரிபண்ணி மாட்டியிருந்தார். நம் வீட்டில் நீ விட்டுப்போய் நான் துணி போட்டு மூடி வைத்திருக்கிற அதே பெட்டி, அதே கார் பந்தய கேசட். எனக்குக் கை துறுதுறுத்தது. என் மகனையே ஒரு நாள்கூட ஜெயிக்க விட்டதில்லை, நீங்களெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்லி உட்கார்ந்தேன். போட்டிக்கு வந்தது யார் தெரியுமா, என் பஸ்ஸில் வந்த கண்டக்டர், சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டே போகிற மனிதர். அவர் கார் பறந்துவிட்டது, என் நீலக் கார் இரண்டாவது வளைவிலேயே வேலியில் இடித்துக்கொண்டு நின்றது. ஜாய்ஸ்டிக் சரியில்லை என்றேன், மாற்றிக் கொடுத்தார்கள். டிவி மங்கல் என்றேன், துடைத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் தோற்றேன். ஏண்ணே, நான் விசில் குடுத்தாத்தான் வண்டிய எடுப்பீங்களா என்று கண்டக்டர் கேட்க, அறையே உருண்டு சிரித்தது.

மெக்கானிக்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பந்தயம் தொடங்கும் முன்னே ஒரு காரின் வேகத்தை மட்டும் குறைத்து வைக்கிற வசதி அதில் இருக்கிறதாம், உங்க பையன் தன் காரக் குறைச்சு வெச்சிருப்பான் அண்ணே என்றார். என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று அவரிடம் சத்தம் போட்டுவிட்டு நேராக அடுத்த தெருவுக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, இது உங்களுக்கு இன்னுமா தெரியாதுப்பா என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டால், புள்ள ஆசையா செஞ்சான், அதுக்கு இப்ப என்னவாம் என்று துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஜெயித்தவனைத் தவிர.

ஏன் செய்தாய் என்று விளக்கி எழுதாதே, எனக்கே தெரியும். கண் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடுங்கி, டிப்போ கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், நான் வீட்டில் பேச்சை விட்டேன், நீ பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினாய். ஆனால் யாரும் கற்றுக்கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே வண்டி பழகினவன் நான், எனக்கா பிச்சை போட்டாய்? பெட்டியை அணைத்தால் வைத்ததெல்லாம் அழிந்துபோகுமாம். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் புதிதாக உட்கார்ந்து உன் சிவப்புக் காரின் வேகத்தைக் குறைத்திருக்கிறாய். முன்னாலேயே போய் எல்லாம் தயார் செய்துவிட்டு வாங்கப்பா என்று கூப்பிடுவாய், நான் அதை மரியாதை என்று நினைத்தேன். தோற்றதும் தலையில் அடித்துக்கொண்டு, உங்க கை வேற கைப்பா என்பாய். அந்த முகத்தில் ஒரு பொய்யும் தெரியவில்லையடா எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், அறை தயாராக இருக்கிறது, அவதான் உங்களக் கூப்பிடச் சொல்லி நச்சரிக்கிறா என்று எழுதியிருந்தாய். அம்மா இரும்பு பீரோவைப் பக்கத்து வீட்டுக்குத் தருவதாகச் சொல்லியே விட்டாள். நான்தான் வீட்டுக்காரரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். நச்சரிக்கிறா என்கிற இடம் வரும்போதெல்லாம், உங்க கை வேற கைப்பா என்ற அதே குரல்தான் காதில் கேட்கிறது. மருமகள் உண்மையிலேயே கேட்டாளா, இல்லை இதிலும் யாருடைய வேகத்தையோ குறைத்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறாயா?

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், அவள் எழுதட்டும். இப்போது தோதுப்படாது என்றால் அதையே எழுதட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அம்மாவையும் சொல்ல விட மாட்டேன். அப்பா தாங்க மாட்டார் என்று பயப்படாதே. நேற்று உன் தங்கையைக் கூப்பிட்டு, இரண்டு காரையும் ஒரே வேகத்தில் வைக்கச் சொல்லி ஆடினேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே அவள் என்னைத் தோற்கடித்தாள், ஒரு ஆட்டத்திலும் நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. எழுந்து கை கழுவிச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். தோற்றால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஜெயித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டு என்னைச் சமாதானம் பண்ணச் சொல்லாதே, நடக்காது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மனசு கோணாமல் இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். மழையில் வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போகாதே. மருமகள் எழுதுகிற கடிதத்தை நீ வாங்கிப் படிக்கக் கூடாது, அவளே ஒட்டி, அவளே தபாலில் போடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா