சம்பூர்ணம் கொல்லையோரம் வந்த பேட்டரி

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், மெல்போர்ன்ல நீயும் மாப்பிள்ளையும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு செல்லியம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நீ போன் பண்ணுனா அப்பாகிட்ட குடுத்துட்டு நான் எழுந்து போயிடுறேன்னு வருத்தப்பட்டியாம். வாயால சொல்ல வெக்கமா இருக்கு, அதான் எழுதுறேன்.

நம்ம ஊரு லைன்ல சோலார் கரண்ட்டைச் சேத்து வச்சு, எல்லாரும் மோட்டார் போடுற நேரத்துல விடுறதுக்கு ஒரு பெரிய பேட்டரிப் பெட்டி வரப்போகுதுன்னு கரண்ட் ஆபீஸ் சுரேஷ்குமார் சார் வந்து சொன்னாரு. டிரான்ஸ்பார்மர் நம்ம கொல்லைக்காட்டு ஓரத்துல இருக்கு, பெட்டியும் அங்கதான் வரும்னு நான் ஊர் பூரா சொல்லிட்டேன். சார் குடுத்த லைன் படத்தைப் பாத்தா, லைனோட கடைசியில, உன் சித்தி சம்பூர்ணம் கொல்லைக்கிட்ட வட்டம் போட்டிருக்கு. பாகம் பிரிச்சப்ப தண்ணி ஊறுற கிணறு அவளுக்குப் போச்சு, அவ மவன் பாடாலூர்ல கடை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை தவறாம வந்து அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போறான், இதுவும் அவளுக்கேவான்னு இருந்துச்சு. உன் வேலையே எந்த ஊருல எங்க பேட்டரி வைக்கணும்னு பாக்குறதுதானே, அதான் படத்தை உனக்கு அனுப்பித் தப்பு கண்டுபிடிக்கச் சொன்னேன். நீ என்னடான்னா, சார் போட்டதுதான் சரி, லைன்ல கடைசிக்குப் போகப் போகத்தான் வோல்டேஜ் எறங்குது, அங்க வச்சாத்தான் எல்லாருக்கும் நல்லதுன்னுட்ட. பெத்த பொண்ணே சித்தி பக்கம் நின்னுட்டான்னு அன்னைக்கு நான் சாப்பிடல.

அடுத்து நான் செஞ்சது உனக்குத் தெரியாது. ஊர்க்கூட்டத்துல எழுந்து, அந்த எடத்துல ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும்னு சொல்லிட்டேன். சுத்தப் பொய். அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சார் எழுதிக்கிட்டாரு, வேலை நின்னு போச்சு. மாசி மாசம் வெயில்ல, வெங்காயம் காய் புடிக்கிற நேரம், வோல்டேஜ் இல்லாம சம்பூர்ணம் மோட்டார் கருகிப் போச்சு. ரெண்டு நாள் தண்ணி விடுங்கன்னு நம்ம வூட்டுக்கு வந்தா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னேன். அவ சொன்னா, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுக்கா. தண்ணி நிக்கிற எடத்துல வச்சிருந்தா மொத்தமும் பாழாயிருக்கும். உங்க கொல்லையிலயே வைக்கட்டும், சம்மதம்னு நான் கையெழுத்துப் போடுறேன்." அவ என்னை நம்பிட்டா ஜெயா.

மறுநாள் காலைல பஸ் ஏறி வேப்பந்தட்டை கரண்ட் ஆபீசுக்குப் போயி சாரைப் பாத்து, அங்க தண்ணி நிக்காது, பொறாமைல சொல்லிட்டேன்னுட்டேன். அவரு திட்டல, ஒரு பேப்பரைக் குடுத்து எழுதித் தரச் சொன்னாரு. எழுதிக் குடுத்துட்டேன். சித்திரையில பெட்டி வந்துடுச்சு. இப்ப அவ மோட்டார் நல்லா ஓடுது, நம்ம மோட்டாரும் உறுமாம ஓடுது, நீ சொன்னது சரிதான், இதை ஒத்துக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அவ வெங்காயத்துல பாதி மட்டும் தேறுச்சு, மீதி வாடுனதுக்கு நான்தான் காரணம்னு அவளுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்லணும், நீ முந்திக்காதே.

பொறாமை போயிடுச்சான்னு கேட்டா இல்லை. எறையூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து பெட்டிக்கு முன்னாடி சம்பூர்ணத்தை நிக்க வச்சுப் போட்டோ எடுக்குறாங்க, நான் சன்னலைச் சாத்திக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. செல்லியம்மன் உங்க ரெண்டு பேரையும் நல்லா வச்சிருக்கட்டும். பொங்கலுக்கு டிக்கெட் போட மறந்துடாதே. வந்து எறங்குனதும் பெட்டியைப் பாக்கணும்னு ஓடாதே, மொதல்ல எங்கூட உக்காந்து சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பரிமளா